ஜெர்மனி பையர் போல்ட்டுக்குக் கார்பன் கணக்கு கேட்கிறார், என்ன செய்வது?

கணபதி பட்டறை:
கோவை கணபதியில் போல்ட் பட்டறை வைத்திருக்கிறேன், என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். மாதம் 12 டன் சரக்கு ஜெர்மனிக்குப் போகிறது. போன வாரம் பையர் ஓர் எக்செல் ஷீட் அனுப்பினார். ஒரு டன் போல்ட்டுக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு என்று நிரப்ப வேண்டுமாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சி-பேம், அதாவது எல்லைக் கார்பன் வரி. 2023 அக்டோபரிலிருந்து வெறும் ரிப்போர்ட்டாக இருந்தது, 2026 ஜனவரியிலிருந்து காசுக் கணக்காகிவிட்டது.

கடன் வாங்கிக் கூரையில் 40 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். அதைத்தான் பெருமையாக முதலில் எழுதினேன். "அது கணக்கில் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

சரி, போல்ட் செய்யும் இரும்புக் கம்பியான வயர் ராடு தரும் டீலரைக் கேட்போம் என்று போன் போட்டேன். அரை மணியில் வாட்ஸ்அப்பில் மில் டெஸ்ட் சர்டிபிகேட் (இரும்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற சான்று) வந்தது, "கார்பன் 0.36" என்ற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு! இரும்புக்குள்ளே இருக்கிற கார்பன் இல்லண்ணா, அதை உருக்கும்போது புகையாகப் போனது என்றேன். "புகைக்கெல்லாம் யாருப்பா சர்டிபிகேட் குடுப்பா" என்கிறார்.

சோலார் ஏன் செல்லாது? இந்த வரியை நான் கட்டணுமா, அவர் கட்டணுமா?

ஆடிட் ராசா:
கட்டுவது இறக்குமதி செய்பவர்தான். ஆனால் அடுத்த ஆர்டரில் உங்கள் விலையைக் குறைத்து அதை எடுத்துக்கொள்வார். ஓர் இறக்குமதியாளர் ஆண்டுக்கு மொத்தம் 50 டன் வரை வாங்கினால் விலக்கு உண்டு. உங்கள் சரக்கே 144 டன், அந்த வழி அடைத்துவிட்டது.

சோலார் விஷயம்: இரும்புப் பொருட்களுக்கு உற்பத்தியின்போது நேரே வெளிவரும் புகையை மட்டும்தான் எடுப்பார்கள், மின்சாரத்தை எடுக்க மாட்டார்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு (போல்ட்டைச் சூடாக்கி உறுதியாக்க) மாதம் எத்தனை கேஸ் சிலிண்டர் போகிறது? 19 கிலோ சிலிண்டர் முப்பது என்றால் 1.7 டன் புகை. வயர் ராடு செய்தபோது வந்த புகையும் உங்கள் கணக்கில் சேரும். 12 டன் போல்ட்டுக்கு 13 டன் வயர் ராடு, நம் நாட்டு இரும்பின் சராசரியில் டன்னுக்கு 2.5 டன் புகை வைத்தால் 32 டன்னுக்கு மேல். உங்கள் பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாலும் அந்த எண் அசையாது. மில்லிடம்தான் கேட்க வேண்டும். சொந்த எண் காட்டினால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்த்திருக்கணும். காட்டாவிட்டால் ஐரோப்பிய ஒன்றியம் நிர்ணயித்த எண் விழும், அது நிச்சயம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

நொய்யல்காரன்:
நூறு வருஷம் கரியை எரித்து ஊரைக் கட்டியவர்கள், தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் விடுகிற நம்மிடம் கணக்கு கேட்கிறார்கள். பருவநிலை என்ற பெயரில் சுங்கச்சாவடி. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023-ல் நம் அரசும் புகைக் குறைப்பை வாங்கி விற்கும் கார்பன் சந்தையை அறிவித்தது. அந்தக் காசை இங்கேயே கட்டி அங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறதே, அதைப் பேசுங்கள்.

ஆடிட் ராசா:
கழிவு உண்மைதான் அண்ணா, ஆனால் இங்கே நிஜமாகக் கட்டிய காசுக்குத்தான் கழிப்பார்கள்.

கணபதி பட்டறை:
நியாயம் பேசினால் நொய்யல்காரன் பக்கம்தான் நான். ஆனால் பையர் 20-ஆம் தேதிக்குள் ஷீட்டைக் கேட்கிறார். சிலிண்டர் பில்லை எடுத்துப் பார்த்தேன், மாதம் 28 வருகிறது, ராசா சொன்ன கணக்குதான். பழைய இரும்பு ஸ்க்ராப்பை உருக்கி ராடு போடும் மில் ஒன்று இருக்கிறதாம், அதில் புகை குறைவு. ஆனால் ஸ்பாஞ்ச் அயர்ன் கலக்கிறார்களா என்று கேட்டேன், அது இரும்புத் தாதுவைக் கரி கொண்டு செய்வதாயிற்றே. "கொஞ்சம்" என்றார்கள். எவ்வளவு கொஞ்சம் என்று நாளைக்கு நேரில் போய்க் கேட்கிறேன்.