வான்பிணைச்சல்: படலை என்ற சொல்லை நான் ஏன் கைவிட்டேன்

அன்புடையீர், வணக்கம்.

நட்சத்திரங்கள் கோடாகாமல் படம் எடுக்க உதவும், ஆங்கிலத்தில் 'பார்ன் டோர் டிராக்கர்' என்று வழங்கும் எளிய கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி மூன்று வாரங்களாக நம்மிடையே நிற்கிறது. இதுவரை 'களஞ்சியக் கதவுத் தடங்காணி', 'பாக்குவெட்டித் தாங்கி', 'கீல் பின்தொடரி', 'வான்படலை' என்ற நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 'வான்படலை' நான் கொடுத்தது; படலை என்பது எங்கள் பக்கத்தில் வேலியில் வைக்கும் வாயிற்கதவு. அதை இன்று மீளப் பெற்றுக்கொண்டு வேறொரு சொல்லை முன்வைக்கிறேன். மனம் மாறியதற்கான காரணம் அகராதியில் கிடைத்ததன்று. கிளிநொச்சியின் இரணைமடுக் குளக்கட்டில், ஒரு மாசி மாத இரவில், கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது கிடைத்தது. ஆகவே கருவியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

செய்து பார்க்காதவர்களுக்காக முதலில் அதன் அமைப்பு. இரண்டு பலகைகளை ஒரு விளிம்பில் பிணைச்சல் (கதவில் பூட்டும் கீல்) போட்டு இணைக்கிறோம். கீழ்ப்பலகை முக்காலியில் அசையாமல் நிற்கும். மேற்பலகையின் மேல் கமெரா இருக்கும். பிணைச்சலின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கியிருக்க வேண்டும். கீழ்ப்பலகையினூடாக வரும் ஒரு மரையாணியை (திருகாணியை) நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் திருகினால், மேற்பலகை மெல்ல மெல்ல விரிந்து, பூமி கிழக்கே சுழலும் அதே வேகத்தில் கமெராவை மேற்கே திருப்பும். கமெராவைச் சும்மா நிறுத்தி வைத்து 50 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்தால் 10 செக்கனுக்கு மேல் உடுக்கள் (நட்சத்திரங்கள்) கோடாகிவிடும். இந்தப் பலகையில் வைத்தால் மூன்று, நான்கு நிமிடம் வரை அவை புள்ளியாகவே நிற்கும். 1975இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹெய்க் இதைப் பலரும் அறியச் செய்தார். அதனால் 'ஹெய்க் மவுண்ட்', 'ஸ்கொச் மவுண்ட்' என்ற பெயர்களும் இதற்கு உண்டு. அவர் ஸ்கொட்லாந்துக்காரர் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். ஏனென்று பின்னர் சொல்கிறேன்.

பிணைச்சலிலிருந்து மரையாணி வரையுள்ள தூரம்தான் கருவியின் உயிர். பூமி உடுக்களைச் சார்ந்து ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் எடுக்கிறது. இது 1436 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். மரையாணி ஒரு சுற்றில் முன்னேறும் அளவை, அதாவது புரியிடைத் தூரத்தை (புரி என்பது ஆணியின் சுற்று வரி), 228.6ஆல் பெருக்கினால் வேண்டிய தூரம் வரும். 6 மில்லிமீற்றர் மரையாணியின் புரியிடைத் தூரம் 1 மில்லிமீற்றர், ஆகவே 228.6 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர் ஆணியின் புரியிடைத் தூரம் 1.25, ஆகவே 285.7. முக்காலியில் கமெராவைப் பூட்டும் கால் அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 20 புரி, அதற்கு 290.3.

இந்த மூன்று எண்களையும் நான் பிழை விட்டே கற்றுக்கொண்டேன். சென்ற வருடம் மரையாணிக்காக 6 மில்லிமீற்றர்ப் புரிக்கம்பி கேட்டுக் கடைக்குப் போனேன். அது இல்லாதபடியால் 8 மில்லிமீற்றர்க் கம்பியை வாங்கி வந்து, துளையைப் பெருப்பித்து, பழைய 228.6 அளவிலேயே பூட்டிவிட்டேன். தடிப்பு மாறினால் புரியும் மாறும் என்பது அப்போது எண்ணத்தில் வரவில்லை. கருவி வானத்தை விட நாலில் ஒரு பங்கு வேகமாக ஓடியது. இரண்டு நிமிடப் படத்தில் கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு உடுக்களும் ஆறு அரிசிமணிகளாக நீண்டிருந்தன. துருவத்தைச் சரியாகப் பிடிக்கவில்லையென்று எண்ணி மூன்று இரவுகள் முக்காலியையே அரக்கிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பகலில் கம்பியை அடிமட்டத்தின் மேல் கிடத்தி, நகத்தால் தொட்டுத் தொட்டு 20 புரி எண்ணினேன். 20 மில்லிமீற்றரில் முடிய வேண்டியது 25இல் வந்து நின்றது. அன்றிலிருந்து எந்தக் கம்பி வாங்கினாலும் கடை வாசலிலேயே 20 புரி எண்ணிவிடுகிறேன். செய்ய விரும்பும் மாணவர்களுக்கும் முதலில் இதையே சொல்லிக் கொடுங்கள்.

இங்கே ஒரு கலைச்சொற் செய்தியும் இருக்கிறது. மரையாணியின் சுற்று வரியை 'நூல்' என்று எழுதலாம் என்று ஓர் அன்பர் சொல்லியிருந்தார். ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் அதுதான் என்பது உண்மை. ஆனால் எங்கள் ஹாட்வெயார்க் கடைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் நூல் என்பது அங்குலத்தின் எட்டிலொரு பங்கு. கால் அங்குல ஆணியை 'ரெண்டு நூல் ஆணி' என்றே கேட்கிறோம். 'அங்குலத்துக்கு 20 நூல்' என்று நாம் அச்சடித்துக் கொடுத்தால், பட்டறையில் நிற்கும் தச்சர் அதைத் தடிப்பென்று எடுத்துக்கொள்வார். நான் விட்ட பிழையை நாம் மாணவர்களுக்குக் கொடுக்கும் கையேடே மாணவனையும் விடச் செய்யும். பள்ளிக்கூடப் பௌதிகவியலில் நுண்மானித் திருகுக் கணிச்சியைப் படித்த எவருக்கும் புரியிடைத் தூரம் தெரியும். 'புரி' என்பதையே வைத்துக்கொள்வோம். கயிற்றில் முறுக்கேறிய ஒவ்வோர் இழையும் புரிதான்; கண் காண்பதும் அதுதான்.

இனி முன்வைக்கப்பட்ட பெயர்களுக்கு வருகிறேன். 'களஞ்சியக் கதவுத் தடங்காணி' என்பது ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. வைக்கோலும் மாடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்தப் பெருங்கொட்டகையும் அதன் அகன்ற இரட்டைக் கதவும் எங்கள் கண்ணுக்குப் பழக்கமில்லை. எங்கள் பெரியவர்கள் நெல்லைக் கொம்பறையில் வைத்தார்கள். இன்று சாக்கில் அடுக்குகிறோம். ஒரு மாணவனுக்குக் கருவியை விளக்குவதற்கு முன் ஸ்கொட்லாந்தின் பண்ணையை விளக்க வேண்டியிருக்கும் என்றால், அந்தப் பெயர் தன் வேலையைச் செய்யவில்லை.

வவுனியா ஆசிரியை அம்மா சொன்ன 'பாக்குவெட்டித் தாங்கி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு கைகள், ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் விரிவு: உருவம் அப்படியே பொருந்துகிறது. தாங்கள் வகுப்பில் பாக்குவெட்டியை விரித்துக் காட்டியே விளக்குவதாக எழுதியிருந்தீர்கள், அம்மா. அந்த விளக்கத்தை விட்டுவிடாதீர்கள். பெயராக வைக்கத்தான் தயக்கம். பாக்குவெட்டி என்றதும் மனம் வெட்டுவதற்குப் போகிறது. இந்தக் கருவியோ அரைமணி நேரம் பார்த்தாலும் அசைவது தெரியாத மென்மையுடையது.

'கீல் பின்தொடரி' என்று எழுதிய கோயம்புத்தூர் அன்பரின் வழி சரியானது. பிறர் உருவத்தைப் பிடித்தபோது அவர் உறுப்பைப் பிடித்தார். அதை நான் அப்போது போதிய அளவு மதிக்கவில்லை. என் கவனம் முழுவதும் படலையிலேயே இருந்தது. வளவுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் தினமும் தொடும் பொருள் அது, சொல் சிறியது, 'வான்படலையை', 'வான்படலைக்கு' என்று வேற்றுமை உருபும் இலகுவில் ஏற்கிறது. ஒரு கலைச்சொல் ஐயும் குவ்வும் ஏற்று வாக்கியத்துக்குள் வழுக்கிச் செல்லாவிட்டால், பட்டியலில் மட்டும் கிடந்து மடியும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவுகோலில் படலை நன்றாகத் தேறியது.

தவறு எங்கே என்பதை மாசி இரவில் கண்டேன். இரணைமடுக் குளக்கட்டில் வடக்கே பார்த்து நின்றால் முன்னால் வயல்வெளி, வெளிச்சம் குறைவு, அடிவானம் தாழ்ந்து தெளிவாகத் தெரியும். கருவிக்கு இதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. ஏனென்றால் எங்கள் அகலாங்கு (அட்சரேகை) 9 பாகையளவு. ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்திலேயே நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி உயரம்கூட முழுதாய் இல்லை. வீட்டு முற்றத்திலென்றால் ஒரு வடலி (இளம் பனை) மறைத்துவிடும். பிணைச்சலின் அச்சை அதை நோக்கித் திருப்ப, 30 சென்ரிமீற்றர் நீளமான கீழ்ப்பலகையின் வடக்கு முனையை வெறும் 5 சென்ரிமீற்றர் உயர்த்தினால் போதும். நான் அப்படி உயர்த்திவிட்டு, கைலாம்பின் சிவப்பு வெளிச்சத்தில் கருவியைப் பார்த்தேன். பிணைச்சல் கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது. மேற்பலகை கதவு போல் பக்கவாட்டில் திறக்கவில்லை. மேற்கு விளிம்பில் பிணைந்திருக்க, கிழக்கு விளிம்பு பெட்டக மூடியைப் போல் மேலே எழும்பியது.

ஸ்கொட்லாந்தில் துருவ நட்சத்திரம் 56 பாகை உயரத்தில் நிற்கும். அங்கே பிணைச்சல் பாதிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். பலகை உண்மையிலேயே கதவு போல் திறக்கும். ஆங்கிலப் பெயர் வடக்கே வாழ்ந்தவர்களின் கண்ணுக்குத் தோன்றிய பெயர். களஞ்சியத்தை எடுத்துவிட்டுப் படலையை வைத்தபோது நான் செய்ததெல்லாம் அவர்களுடைய கதவை எங்கள் வேலிக்குப் பெயர்த்ததுதான். இந்த 9 பாகையில் அது கதவே அன்று. அப்படியென்றால் 'வான்மூடி' என்று வைக்கலாமா? கூடாது; யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் மூடியாகத் தெரிவது ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு மீண்டும் கதவாகிவிடும். தமிழ் வாசிப்போர் இன்று எல்லா அகலாங்குகளிலும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் மாறும் தோற்றத்தை விட்டு, எங்கே போனாலும் மாறாத உறுப்பின் மேல்தான் பெயர் நிற்க வேண்டும். அந்த உறுப்பு பிணைச்சல்.

ஆகவே என் முன்மொழிவு 'வான்பிணைச்சல்'.

கீல் இருக்கப் பிணைச்சல் எதற்கு என்று கோயம்புத்தூர் அன்பர் கேட்பார், கேட்பது நியாயம். கீல் பழைய சொல், சிறிய சொல். ஆனால் எங்கள் பக்கத்தில் அது கீல்வாதம் என்ற நோய்ப்பெயரில் மட்டுமே உயிரோடிருக்கிறது. தாருக்கும் கீல் என்று பெயருண்டு. தச்சரிடம் போய்க் கீல் கேட்டால் அவர் விழிப்பார். பிணைச்சல் என்றால் எத்தனை அங்குலம் என்று கேட்பார். மறுபுறம், பிணைச்சல் என்ற சொல்லைக் கேட்டிராத தமிழ்நாட்டு வாசகருக்கும் பிணை, பிணைப்பு, பிணையல் என்பவை நன்றாகத் தெரியும். இரண்டைச் சேர்த்துப் பிடிக்கும் பொருள் என்பது சொல்லிலேயே விளங்கிவிடும். 'பின்தொடரி'யை நான் விட்டதற்குக் காரணம் வேறு. தொடரி என்பது எங்கள் பற்றைக்காடுகளில் உடுத்த சாரத்தைப் பிடித்து இழுக்கும் முட்செடி. தமிழ்நாட்டில் அது இரயிலுக்கும் பெயராகிவிட்டது. மேலும் 'பிணைச்சல்', 'தொடரி' இரண்டையும் புணர்த்தினால் 'பிணைச்சற்றொடரி' என்றாகும். அதை ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய மாணவனை நான் இன்னும் காணவில்லை.

'வான்' என்ற முன்னொட்டு அழகுக்காகச் சேர்த்ததன்று. வானம் முழுவதும் ஓர் அச்சைப் பற்றிக்கொண்டு திரும்புவதுபோல் தெரிகிறது. அந்த அச்சுத்தான் வானத்தின் பிணைச்சல். நாம் பலகையில் பூட்டும் இரும்புப் பிணைச்சலை அதனோடு ஒரே கோட்டில் வைக்கிறோம். அதனாலேயே கருவி வேலை செய்கிறது. பெயரைப் பிரித்துச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

புதுச்சொல் மக்களிடம் நிற்காது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வன்னியில் இருந்துகொண்டு அதை என்னால் ஏற்க முடியவில்லை. 'வெதுப்பு' என்ற பழைய வினையிலிருந்து வந்த வெதுப்பகம் (பேக்கரி) இன்றும் எங்கள் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. பள்ளிக்கூடப் புத்தகம் விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டிருக்க, கிளிநொச்சியில் பேருந்தில் ஏறுபவர்கள் 'அறிவியல் நகர்' என்று சொல்லித்தான் ரிக்கற் எடுக்கிறார்கள். சொல்லுக்கு வேரும் அன்றாடத் தேவையும் இருந்தால் அது தங்கும்.

துணைச்சொற்களில் இரண்டை மட்டும் இப்போது எழுதுகிறேன். அச்சைத் துருவத்துக்கு நேராக்கும் வேலைக்குத் 'துருவ ஒழுங்கமைப்பு' என்று எழுதி வருகிறோம். மேசன்மார் மட்டம் பிடிக்கிறார்கள், நூல் பிடிக்கிறார்கள். அந்த வாய்மொழியிலேயே 'துருவம் பிடித்தல்' என்று வைக்கலாம். 'துருவம் பிடிச்சாச்சோ?' என்று இருட்டில் ஒருவரையொருவர் கேட்டு, அது இயல்பாக வருவதைக் கண்டிருக்கிறேன். துருவ நட்சத்திரம் உண்மைத் துருவத்திலிருந்து முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகி நிற்பதால், எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை அன்றைய நேரத்துக்கு ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் பார்த்துக்கொள்வது நல்லது. அகன்ற வில்லைக்கு அவ்வளவும் தேவையில்லை.

மற்றது, நேரான மரையாணி வட்டவில்லில் தள்ளாமல் நேர்கோட்டில் தள்ளுவதால், பலகை விரிய விரிய வேகத்தில் ஏற்படும் பிசகு. இதற்குத் 'தொடலி வழு' என்பதை முன்வைக்கிறேன்; தொடலி என்பது வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்கோடு. முதல் ஐந்து நிமிடத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. கூடிய நேரம் எடுப்போர் கம்பியை வளைத்துப் பூட்டலாம்; அல்லது மோட்டாரை ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் ஓட்டி, வேகத்தை நிரலிலேயே திருத்தலாம். மலிவான 28பீவைஜே-48 மோட்டாரைப் பயன்படுத்துவோர் கவனிக்க: ஒரு சுற்றுக்கு 4096 அரைப்படி (மோட்டார் படிப்படியாக நகரும்; ஒரு படியில் பாதி அரைப்படி) என்று பலரும் எழுதுகிறார்கள், அதன் பற்சில்லுகளை எண்ணிக் கணித்தால் ஏறத்தாழ 4076தான் வரும். நிமிடத்துக்கு ஒரு சுற்றென்றால் ஓர் அரைப்படிக்கு 14.72 மில்லிசெக்கன். 'அரைப்படி'யை மாற்ற வேண்டுமென்று யாரும் இதுவரை சொல்லவில்லை. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

'வான்பிணைச்சல்' மீதும் 'தொடலி வழு' மீதும் உங்கள் மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். குறிப்பாகக் கனடாவிலோ நோர்வேயிலோ இதைச் செய்து பார்த்தவர்கள், தங்கள் பிணைச்சல் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதென்று ஒரு படம் எடுத்து அனுப்பினால், இரணைமடுவில் எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்துக் கையேட்டில் போடலாம்.

நன்றியுடன்.