குடியை நிறுத்த பிஎச்சிலயே (ஆரம்ப சுகாதார நிலையம்) மருந்து கிடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

எங்கப்பாவுக்கு 58 வயசு, குடிய விடணும்னு அவரே சொல்றாரு, ஆனா போன தடவை திடுதிப்புனு நிறுத்தி மூணாம் நாளு கை நடுங்கி டம்ளரக்கூட புடிக்க முடியல, ராத்திரி பிட்ஸ் வந்துருச்சு, அதனால டாக்டர் பாக்காம நிறுத்த வைக்க பயமா இருக்கு. சுகர், பிபி மாத்திரைய மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கே வந்து குடுக்குறாங்க, இதுக்கு மட்டும் ரெண்டு பஸ் மாறி ஜிஎச் போகணும், ஒரு நாள் கூலி போயிரும், வைத்தியத்த பாதியிலயே விட்டுட்டாரு. 14416 டெலி மானஸ்ல (அரசோட மனநல உதவி போன் நம்பர்) பொறுமையா பேசுனாங்க. மாவட்ட மனநலத் திட்ட டாக்டருங்க பிஎச்சி, தாலுகா ஆஸ்பத்திரிக்கெல்லாம் முறை வச்சு வருவாங்களாமே, திருவண்ணாமலை பக்கம் எந்தக் கிழமை எங்க வர்றாங்க? ஜிஎச்ல ஆரம்பிச்சு மிச்ச மாத்திரைய பிஎச்சில வாங்குனவங்க இருந்தா எப்படி கேட்டீங்கனு சொல்லுங்க ப்ளீஸ், அவரு மனசு மாறுறதுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்.