நஞ்சுக்கொடி பதிவுத்தாள்: புகைபிடித்த கர்ப்பிணிகளுக்கு வேறு என்ன சேர்க்கலாம்?

பிரசவ அறை, நோய்க்கூறியல் பக்கம் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். புகைபிடித்த தாய்மார்களின் நஞ்சுக்கொடியைப் பரிசோதிக்க ஒரு பதிவுத்தாள் தயாராகிறது.

எடைதான் முதல் சிக்கல். உறைந்த ரத்தக்கட்டியைத் துடைத்து, சவ்வையும் தொப்புள்கொடியையும் வெட்டிய பிறகு, ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடும் முன்பே எடை பார்க்க வேண்டும். ஊறினால் எடை கூடிவிடும், ஒப்பிட முடியாது. புகையால் குழந்தையின் எடை சராசரியாக 200 கிராம் வரை குறைகிறது. நஞ்சுக்கொடி அதே அளவுக்குக் குறைவதில்லை. அதனால் இரண்டு எடைக்கும் உள்ள விகிதத்துக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறோம். நுண்ணோக்கியில் வில்லஸின் (நஞ்சுக்கொடியில் உள்ள விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) தந்துகிகள் சுருங்கியும் அடித்தளச் சவ்வு தடித்தும் இருப்பதைக் குறிக்க இடம் உண்டு. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்ததா, கருப்பையின் கீழ்ப்பகுதியில் அமைந்ததா என்பதும் உண்டு.

இடிப்பது, தாய் வெளிவிடும் மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் மூச்சுப் பரிசோதனைதான். புகையில் உள்ள இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும், கருவின் ரத்தத்தில் தாயைவிட அதிகமாகவே தேங்கும். ஆனால் தாயின் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். நேற்று மாலை பிடித்தவருக்கு இன்று காலை 4 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 4 பங்கு) கீழே காட்டினால் 'புகைக்காதவர்' என்று எழுதிவிடுகிறார்கள்!

கடைசி சிகரெட் எத்தனை மணிக்கு என்பதை முகம் சுளிக்காமல் எப்படிக் கேட்கிறீர்கள்? கோட்டினின் (நிகோடின் உடலில் மாறி உருவாகும் பொருள்) சோதனையும் சேர்க்கிறீர்களா? கர்ப்பத்தின் 15 வாரத்துக்கு முன் புகையை நிறுத்தியவர்களைத் தனிப் பிரிவாக வைக்கலாமா? உங்கள் படிவம் இருந்தால் பெயர்களை மறைத்துப் பகிருங்கள்.