மறுமொழி: ‘பீப்பாய் ஊறல்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்து எடுக்கும் பியருக்கு (barrel-aged beer) நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பீப்பாய் ஊறல், நாட்பட்ட பியர், மரச்சுவையூட்டிய பியர். மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘ஊறல்’ என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது போலீஸ்காரர்கள் கொட்டி அழிக்கும் சாராய ஊறல்தான். அது இன்னும் சாராயம் ஆகாத சரக்கு. நாம் பெயர் தேடுவதோ கோப்பைக்கு வந்துவிட்ட பானத்துக்கு. ‘நாட்படு தேறல்’ (நாள்பட முதிர்ந்த தெளிந்த மது) என்று புறநானூறு பெருமையாகச் சொன்னது உண்மை. ஆனால் இன்று நாட்பட்டது என்றால் ஒன்று நோய், இல்லையென்றால் கெட்டுப்போன பலகாரம்.

‘மரச்சுவையூட்டிய’ என்பதைத்தான் பலரும் ஆதரிக்கிறீர்கள். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பியர் ஆலை 1990களில் தொடங்கிவைத்த, போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் வைத்தெடுக்கும் கரும்பியரான போர்பன் கவுன்ட்டி ஸ்டவுட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரி. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புதிதாக உட்புறம் கரித்த ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். எனவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அடுத்த போர்பனுக்கு உதவாது, பியர்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கரிந்த மரம் வனிலா வாசனையையும் தேங்காய் வாசனையையும் தருகிறது, பலகையில் ஊறிய விஸ்கியும் கொஞ்சம் இறங்குகிறது. குளிரக் குளிரக் குடித்தால் இது எதுவும் தெரியாது. கோப்பையைக் கையில் ஏந்தி கால் மணி நேரம் பொறுத்தால் முதலில் வனிலா வரும், பிறகு பாகு வெல்லம், கடைசியில் வறுத்த கொப்பரை.

காற்றிலுள்ள நுண்ணுயிர்களாலேயே புளிக்கவிடும் பிரஸ்ஸல்ஸ் லாம்பிக் பியர் அப்படியல்ல. 1900இல் தொடங்கிய கான்டியோன் என்ற லாம்பிக் ஆலையில் இருப்பவை பழைய பீப்பாய்கள். அவற்றின் மரச்சுவை எப்போதோ தீர்ந்துவிட்டது. அங்கே மரம் சுவை ஊட்டுவதில்லை, நுண்ணுயிர்களுக்கு வீடாக இருக்கிறது, காற்றைத் துளித்துளியாக உள்ளே விடுகிறது. அங்கு எனக்கு ஊற்றிக் கொடுத்த இளம் லாம்பிக்கில் நுரையே இல்லை. நீராகாரத்தின் புளிப்பும், தொழுவத்து ஈர வைக்கோல் மணமும் இருந்தன. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுச் சரக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்ததை அடுத்துத் தந்தார்கள். அதே புளிப்புதான், ஆனால் எலுமிச்சைத் தோல் போலக் கூர்மையாக, தெளிவாக வந்தது. இதை ‘மரச்சுவையூட்டியது’ என்று எழுதினால் பொய்.

ஆகவே என் பரிந்துரை: பீப்பாய்த் தேறல். வினைக்கு ‘பீப்பாயில் தேற்றுதல்’.

தேறு என்றால் தெளிதல். கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையில் இருப்பதும் இந்தச் சொல்தான். கருகருவென்ற ஸ்டவுட் எங்கே தெளிகிறது என்று கேட்பீர்கள். காய்ச்சலில் கிடந்தவன் தேறிவிட்டான் என்கிறோமே, அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். சாராயத்தின் காரம் அடங்கிச் சுவைகள் ஒன்றோடொன்று சேர்வதும் தேறுவதுதான். மரத்தோடு உறவும் பழையது: திருமுருகாற்றுப்படையில் ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’ வருகிறது. நீண்ட மூங்கிலுக்குள் விளைந்த கள் அது.

‘பீப்பாய்’ போர்ச்சுகீசியச் சொல், அதையும் மாற்றலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். மண்ணெண்ணெய்க் கடைவரை புழங்கும் சொல், இருக்கட்டும்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. புட்டியிலேயே வைத்து முதிரவிடும் பியரும் உண்டு. அதற்குப் ‘புட்டி முதிர்வு’ போதுமா, அங்கும் ‘தேறல்’ வேண்டுமா? பட்டியலில் ஏற்றுவதற்கு முன் கருத்துச் சொல்லுங்கள்.