கர்லிங்: கைக்கு எட்டிய புள்ளியை வேண்டாம் என்று விடுவது ஏன்?

கேள்வி – வேளச்சேரிவாசி

அனைவருக்கும் வணக்கம். பனித்தளத்தில் கற்களைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் விளையாட்டில், கனடாவில் நடைபெறும் கிராண்ட் ஸ்லாம் தொடரின் ஆண்கள் ஆட்டங்களைச் சில மாதங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். அங்கே மாலையில் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலையில் வருவதால், அலுவலகம் கிளம்பும் முன் பெரும்பகுதியைப் பார்த்துவிட முடிகிறது. அடிப்படை விதிகள் புரிந்துவிட்டன. ஓர் அணிக்கு நான்கு பேர். எண்ட் எனப்படும் ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு எட்டுக் கற்கள். ஹவுஸ் எனப்படும் வட்டத்தின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் கல்லை வைத்திருக்கும் அணிக்கு மட்டுமே அந்த எண்டில் புள்ளி.

புரியாதது ஒன்று இருக்கிறது. எட்டு எண்டுகள் கொண்ட ஓர் ஆட்டத்தில், ஏழாவது எண்டில் இரு அணிகளும் 4–4 என்று சமநிலையில் இருந்தன. ஹவுஸுக்குள் எதிரணியின் கல் ஒன்று மட்டுமே இருந்தது. கடைசிக் கல்லை வீசவேண்டிய ஸ்கிப் (அணித்தலைவர்), அதை நேராக அடித்துத் தள்ளிவிட்டுத் தன் கல்லை அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒரு புள்ளி கிடைத்திருக்கும். அவரோ அதன் ஓரத்தில் அடித்து, இரண்டு கற்களும் வெளியேறும்படி செய்தார். யாருக்கும் புள்ளி இல்லை. ஆனால் அவருடைய அணியினர் கையைத் தட்டி மகிழ்ந்தார்கள். பரிசுத்தொகைக்காக ஆடும் ஓர் அணி, கைக்கு எட்டிய புள்ளியை ஏன் இப்படி விடவேண்டும்? எல்லா எண்டிலும் எல்லோரும் இதையே செய்தால் ஆட்டத்தில் என்ன மிஞ்சும்?

பதில் 1 – பனிக்கல்

வணக்கம் நண்பரே. அந்த எண்டில் அவர் விட்டது ஒரு புள்ளி, காப்பாற்றிக்கொண்டது ஹேமர். எண்டின் கடைசிக் கல்லை வீசும் உரிமையைத்தான் ஹேமர் என்கிறார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹேமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். எவருக்கும் புள்ளி இல்லாமல் எண்ட் முடிந்தால், ஹேமர் வைத்திருந்த அணியிடமே அது தங்கிவிடும். சேப்பாக்கத்தில் இலக்கைத் தெரிந்துகொண்டு இரண்டாவதாக மட்டை பிடிப்பதைப் போன்ற வசதி அது.

நீங்கள் சொன்ன நிலையையே எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு புள்ளி எடுத்திருந்தால் 5–4 என்ற முன்னிலையோடு கடைசி எண்டுக்குள் போயிருப்பார். ஆனால் ஹேமர் எதிரணியிடம் இருந்திருக்கும். அவர்கள் இரண்டு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடிந்தது. ஒன்று எடுத்தால் கூடுதல் எண்ட். விட்டுவிட்டதால் 4–4, ஹேமர் தன்னிடம், கடைசி எண்டில் ஒரே ஒரு புள்ளி போதும். ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வது அப்படியொன்றும் பெரிய பிழை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். எதிரணி ஒன்று எடுத்துச் சமன் செய்தால், கூடுதல் எண்டில் ஹேமர் மீண்டும் இவரிடமே வரும். ஆனாலும் சமநிலையில் கடைசிக் கல்லைக் கையில் வைத்திருப்பதையே தேர்ந்த ஸ்கிப்புகள் விரும்புகிறார்கள். ஹேமர் இருக்கும் எண்டில் இரண்டு எடு, இல்லாத எண்டில் எதிரணியை ஒன்றோடு நிறுத்து என்பதே இந்த ஆட்டத்தின் பாலபாடம்.

புள்ளியை வேண்டுமென்றே விட்டதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை; விதிக்கு உட்பட்ட, துணிவும் கைத்திறனும் கேட்கும் முடிவு அது. அந்த வீச்சைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஸ்கிப் கைப்பிடியைச் சற்றே திருப்பி விட்டதும், வீசும் பக்கத்து ஹாக் கோட்டை (கல்லைக் கைவிட வேண்டிய எல்லைக்கோடு) தாண்டும் முன் கை விலகியதற்கு அடையாளமாகக் கைப்பிடியில் பச்சை விளக்கு எரியும். பிறகு இரண்டு பேர் பனியைத் தேய்த்தபடியே கல்லோடு ஓடுவார்கள். ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கல் விரலகலம் உள்ளே தள்ளிப் பட்டிருந்தால்கூட நடுவிலேயே நின்று, வேண்டாத அந்த ஒரு புள்ளி தலையில் கட்டப்பட்டிருக்கும். அவர்கள் மகிழ்ந்ததற்கு இதுவே காரணம்.

பதில் 2 – மயிலை மூத்தவர்

பனிக்கல் அவர்கள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் கடைசி வரியை எளிதில் கடந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அச்சம் ஒரு காலத்தில் உண்மையாகவே நடந்தது. 1989-ஆம் ஆண்டு சாஸ்கட்டூன் நகரில் நடந்த பிரையர் எனப்படும் கனடா ஆண்கள் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பாட் ரயன் அணி ரிக் ஃபோக் அணியை 3–2 என்று வென்றது. முன்னிலை கிடைத்ததும் எதிரணி வைக்கும் ஒவ்வொரு கல்லையும் அடித்து வெளியேற்றிக்கொண்டே இருந்தால், பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் எதிரணி தவிக்கும். வெற்றிக்கு அது சரியான வழிதான். அரங்கில் இருந்தவர்களோ அலுப்பைத் தாங்காமல் உரக்கக் குரல் எழுப்பினார்கள்.

மறு ஆண்டே, 1990 ஜனவரியில், மாங்க்டன் நகரில் பெரும் பரிசுத்தொகையோடு ஒரு போட்டி நடந்தது. கனடா வீரர் ரஸ் ஹோவர்ட் பயிற்சிக்காகத் தமக்குள் வைத்திருந்த ஒரு விதியை அங்கே நடைமுறைப்படுத்தினார்கள். எண்டின் முதல் நான்கு கற்கள் வீசப்படும்வரை எதையும் அடித்து வெளியேற்றக் கூடாது என்பது அதன் சாரம். ஹவுஸுக்கு முன்னே மறைப்பாக நிற்கும் கல்லைக் காக்கும், இன்று நாம் காணும் தடுப்புக் கல் விதிக்கு அதுவே வித்து. (அதே ஹோவர்ட் தம் 50-ஆம் வயதில், 2006 டூரின் ஒலிம்பிக்கில் பிராட் குஷூ அணியோடு தங்கம் வென்றார் என்பதையும் இங்கே பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன்.)

வேளச்சேரிவாசி

இருவருக்கும் நன்றி. ஹேமரின் மதிப்பு விளங்கிவிட்டது. தடுப்புக் கல் விதி இப்போது எப்படி இருக்கிறது, ஐயா? நான் பார்த்த ஆட்டங்களில் ஐந்து கற்கள் என்று சொல்லக் கேட்டேன்.

பதில் 3 – அடையாறு வாசகி

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்டது சரியே. ஹவுஸுக்கு முன்னால், அந்தப் பக்கத்து ஹாக் கோட்டுக்கும் நடுப்புள்ளி வழியே குறுக்காகச் செல்லும் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் நிற்கும் எதிரணிக் கல்லை, ஐந்து கற்கள் வீசி முடியும்வரை ஆட்டத்தை விட்டு வெளியேற்றக் கூடாது. மீறி வெளியேற்றினால், வீசிய கல் அகற்றப்பட்டு, வெளியேறிய கல் பழைய இடத்திலேயே வைக்கப்படும். ஆகவே பின்தங்கிய அணி தடுப்புக் கல்லை முன்னே வைத்து, அதன் மறைவில் இன்னொரு கல்லைச் சுழற்றி உள்ளே கொண்டுபோக முடிகிறது. கிராண்ட் ஸ்லாம் தொடர் 2014-இல் இந்த ஐந்து கல் விதிக்கு மாறியது. உலகப் போட்டிகள் 2018–19 பருவத்தில்தான் பின்தொடர்ந்தன. பத்து எண்டுகளை எட்டாகக் குறைத்ததும் இத்தொடரின் வழக்கமே.

இந்தத் தொடர் பிறந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2001–02 பருவத்தில் அது தொடங்கியபோது, பரிசுத்தொகை, சீருடையில் விளம்பரதாரர் பெயர் போன்ற உரிமைகளுக்காக முன்னணி அணிகள் பல பிரையர் போட்டியையே புறக்கணித்தன. ராண்டி ஃபெர்பி அணி அந்தப் புறக்கணிப்பில் சேரவில்லை. 2001, 2002, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் பிரையரை வென்றது. புறக்கணித்தவர்கள் கேட்டது நியாயம் என்பதே என் கருத்து. ஆட்டத்தை நம்பி வாழவேண்டிய நிலை வந்த பிறகுதான், பார்ப்பவருக்கு அலுப்பூட்டாத விதிகளைத் தேடும் அக்கறையும் வலுத்தது.

எனவே, சமநிலையில் ஏழாவது எண்டில் ஒருவர் ஹவுஸைக் காலி செய்தால் அடுத்த எண்டைத் தவறவிடாதீர்கள். ஹேமர் இல்லாத அணி, தளத்தின் நீளவாக்கில் ஓடும் நடுக்கோட்டில் முதல் தடுப்புக் கல்லை வைத்துத்தான் தொடங்கும். அதை வெளியேற்ற ஆறாவது கல்வரை எதிரணி காத்திருந்தாக வேண்டும்.