ஸ்பாரிங் முடிந்து மூன்றாம் நாளும் தலைவலி: உங்களுக்கு என்ன நடந்தது?

ஆர்த்தடாக்ஸ் 68 கிலோ

வியாழக்கிழமை பாக்ஸிங் ஜிம்மில் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, மூன்றாவது ரவுண்டு. கிராஸ் (வலது கை நேர்க்குத்து) போட்டுவிட்டு அந்தக் கையைத் தாடைக்குத் திரும்பக் கொண்டுவராமல் தொங்கவிட்டேன், என் பழைய கெட்ட பழக்கம், எதிரில் ஆடியவனின் லெஃப்ட் ஹுக், இடது கைப் பக்கவாட்டுக் குத்து, வந்து இறங்கியது. விழவில்லை, முழங்கால்கூட மடங்கவில்லை. 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட்கார்ட், மவுத்கார்ட் எல்லாம் இருந்தன. காதுக்குள் கொஞ்ச நேரம் கொய்ங் என்றது, அவ்வளவுதான். அந்த ரவுண்டை முடித்து அடுத்த ரவுண்டும் போட்டேன், இப்போது உறுத்துவது அதுதான்.

வெளியே வந்து வழக்கமான கடையில் டீ குடித்தேன். காசு கொடுக்க போனை எடுத்து ஸ்கேன் செய்தால் பின் நம்பர் வரவில்லை. நான்கு வருடமாக ஒரே நம்பர். மூளை மறந்தாலும் கட்டைவிரலுக்குத் தெரியும் என்று திரைக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன், விரலுக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றவர் எட்டிப் பார்க்கிறார். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல தம்பி, நாளைக்குக் குடுங்க" என்றார்.

இன்று ஞாயிறு. கண்ணுக்குப் பின்னால் வலி, டியூப்லைட் ஆகவில்லை, போனில் ஸ்க்ரோல் செய்தால் குமட்டுகிறது. அம்மா வெயிலில் சுற்றியதால் வந்தது என்கிறார். இதை எழுதவே நாலு தடவை போனைக் கீழே வைத்தேன். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மதுரை டேக்வாண்டோ பொண்ணு

ஆகியிருக்கிறது. கல்லூரி இரண்டாம் வருடம், செலக்‌ஷனுக்கு முந்தைய வாரம். எங்கள் ஆட்டத்தில் தலைக்குக் கிக் பட்டால் மூன்று பாயிண்ட், சுழன்று அடித்தால் அதற்கும் மேல், அதனால் எல்லோருக்கும் கண் தலைமேல்தான். எதிரில் ஆடியவள் என் தலையில் சுத்தமாக மூன்று எடுத்தாள். மாஸ்டர் "தண்ணி குடிம்மா, சரியாயிடும்" என்றார். நானும் குடித்துவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன்.

வழி எதுவும் நினைவில் இல்லை. சிக்னலில் நின்றேனா தெரியாது. வண்டியை நிறுத்தி கேட்டின் கொண்டியைத் தூக்கும்போதுதான் பார்க்கிறேன், உள்ளே கொடியில் யாருடைய துணியோ காய்கிறது. அது எஸ்.எஸ். காலனியில் நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீடு. அதைக் காலி செய்து திருநகர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு பாட்டி வெளியே வந்து யாரும்மா வேணும் என்று கேட்க, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணா, விழவில்லை என்பதை ஒரு ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் விழவில்லை.

காசிமேடு சவுத்பா

ஒரு ஹுக்குக்கு இவ்வளவு பேச்சா. தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கை தொங்கினால் அடி விழும், அதுதான் பாடம். 90-களில் நாங்கள் ஆடும்போது ஹெட்கார்ட் நாலு பேருக்கு ஒன்று. தலைவலி வந்தால் தைலம் தேய்த்துப் படுப்போம், காலையில் கடற்கரையில் ஓட்டம். எங்கள் வாத்தியாரிடம் போய் லைட் கூசுகிறது என்று சொல்லியிருந்தால் கண்ணாடி வாங்கிக்கோ என்றிருப்பார்.

எங்கள் ஆட்களில் ஒரு அண்ணன், கல்தாடை என்றே பெயர், யார் அடித்தும் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். ஒரே சாயங்காலத்தில் ஒரே சண்டைக் கதையை மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் அதே இடத்தில் சிரித்தார். 61 வயது. அது வயசுதான்.

பாதி நாள் கோச்

சவுத்பா அண்ணா, 61 எல்லாம் ஒரு வயசா? இதை யாரும் நேற்று கண்டுபிடிக்கவில்லை. நிறைய அடி வாங்கிய பாக்ஸர்களுக்கு நடை தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் பற்றி 1928-லேயே அமெரிக்காவில் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் கட்டுரை எழுதிவிட்டார். கல்தாடை என்பது கீழே விழாமல் அதிக அடி வாங்குகிறவனுக்கு நாம் வைக்கும் பட்டப்பெயர்.

ஹெட்கார்ட் இருந்தது என்று எழுதியவருக்கும் ஒன்று. புருவம் கிழியாமல் காக்கும், காதைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது, ஹுக்கில் தலை வெட்டித் திரும்புகிறதே, அங்கேதான் வினை. 2013-ல் அமெச்சூர் பாக்ஸிங்கில் ஆண்களுக்கு அதைக் கழற்றியே விட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெறும் தலையோடுதான் ஆடினார்கள். அதற்காக ஜிம்மில் கழற்றச் சொல்லவில்லை, நான் என் பசங்களுக்குப் போட்டுத்தான் விடுகிறேன். மாட்டியதும் இரண்டு மடங்கு வேகமாக அடிக்கிறார்கள், அதுதான் என் தலைவலி.

சிங்கை வெள்ளை பெல்ட்

எனக்குத் தலையில் அடியே படவில்லை. ஜூடோவில் தூக்கிப் போட்டார்கள், முதுகு பயிற்சி மெத்தையில் பட்டது, கழுத்து மட்டும் ஒரு வெட்டு வெட்டியது. ராத்திரி முழுக்க தலைவலி, மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் பெயர் வாயில் வரவில்லை, "சார்" என்று சமாளித்தேன், அவர் ஒரு பெண். கிளினிக்கில் இதுவும் கன்கஷன்தான் (மூளை குலுங்கி வரும் பாதிப்பு), தலை மோதித்தான் ஆகவேண்டும் என்றில்லை என்று சொல்லி எம்சி, அதாவது மெடிக்கல் லீவ் சீட்டு, கொடுத்தார்கள்.

நைட் டூட்டி நர்ஸ்

என் கதை சின்னது. கிக்பாக்ஸிங் கிளாஸில் பார்ட்னருடைய முழங்கை தவறி நெற்றிப்பொட்டில் பட்டது, இரண்டு நாள் லீவ் போட்டேன், முடிந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் மேலே படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

தம்பி, நாளைக்கே டாக்டரிடம் போங்கள். வலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, எழுப்பினால் சரியாக எழாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கசிவு சிலருக்கு மெதுவாகச் சில நாள் கழித்தும் வெளியே தெரியும், மூன்று நாள் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சிடி ஸ்கேன் நார்மல் என்று வந்தால் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று அர்த்தம். கன்கஷன் இல்லை என்று அர்த்தமில்லை, அது ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஐப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள், ரத்தம் கசிந்தால் அவை அதைக் கூட்டிவிடும்.

அப்புறம், இருட்டறையில் ஒரு வாரம் படுக்கவைக்கும் வைத்தியம் பழையது. முதல் 24 முதல் 48 மணிநேரம் ஓய்வு, போன் குறைவு, பிறகு வலி அதிகமாகாத அளவுக்கு மெல்ல நடக்கலாம். வண்டி ஓட்ட வேண்டாம், மதுரைத் தங்கையின் கதையைப் படித்தீர்கள்தானே. திரும்ப ஆடுவது ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள், அறிகுறி மோசமானால் ஒரு படி இறங்க வேண்டும். அடி வாங்கும் ஸ்பாரிங் ஐந்தாவது படி, அதுவும் அறிகுறி எல்லாம் போய் டாக்டர் சரி என்ற பிறகுதான். அதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம், அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. இரண்டாவது அடி என்று சொல்லவில்லை, ஆனால் 2022 ஆகஸ்டில் சென்னையில் தேசிய கிக்பாக்ஸிங் போட்டியில் தலையில் அடிபட்டு அருணாச்சலப் பையன் ஒருவர் இறந்தது நினைவிருக்கும். சவுத்பா அண்ணன், தைலத்தைத் தலைக்கு வெளியேதான் தேய்க்க முடியும்.

காசிமேடு சவுத்பா

சரிம்மா. நான் சண்டைக்கு வரவில்லை. அந்த அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றால் எந்த டாக்டர், நரம்பா, மனசா?

நைட் டூட்டி நர்ஸ்

நரம்பு டாக்டர். அவரோடு வீட்டு ஆள் ஒருவரும் போக வேண்டும், அவருக்கே தெரியாததை அந்த வீட்டு ஆள்தான் சொல்ல முடியும்.

பெயர் வேண்டாம்

நான் மறுபக்கம். அடித்தவன்.

போன வருடம், எங்கள் ஜிம்மில் என்னைவிட ஒன்பது கிலோ குறைந்த ஒருவர். வலது கை சரியாகப் பட்டது. பட்டதும் அவர் கண்ணைப் பார்த்தேன், வீட்டில் ஆள் இல்லாத ஜன்னல் மாதிரி இருந்தது. பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியும். தெரிந்தும் கை இரண்டு தடவை போனது, காம்பினேஷன், அதாவது தொடர் குத்து, அப்படிப் பழகியிருக்கிறது. அவர் "ஓகே ப்ரோ, ஓகே ப்ரோ" என்றார். கிளவுஸைக் கழற்றும்போது அந்த வெல்க்ரோ பட்டையைத் தேடிக்கொண்டே இருந்தார், அது கண்ணெதிரே இருந்தது. நான் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மெசேஜ் போட்டேன், தம்ஸ்-அப் மட்டும் வந்தது.

ஆர்த்தடாக்ஸ் 68 கிலோ

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் போனேன். சிடி நார்மல், கன்கஷன் என்று எழுதியிருக்கிறார், பத்து நாள் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். ஹுக் போட்டவன் வந்து அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தான், அம்மா அவனுக்கும் சேர்த்து வெயிலைப் பற்றிச் சொன்னார்.

பின் நம்பர் வெள்ளிக்கிழமை காலையே பல் தேய்க்கும்போது தானாக வந்துவிட்டது. டீக்கடைக்கு இன்னும் 12 ரூபாய் பாக்கி. தெரு முனை வரை நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கடை அதைத் தாண்டி இருக்கிறது.