பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?

இரவு 8:42

சுமதி சித்தி: பல் வீக்கத்துக்குக் குடுத்த ஆன்டிபயாட்டிக்கை அருண் அப்பா இப்பதான் போட்டாரு. கால் மணி நேரம் ஆகல, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா எழும்பிருச்சு. செட்ரிசின் இருக்கு, குடுக்கவா?

முரளி மாமா: குடு சுமதி. அரிப்புதானே, தூங்கி எழுந்தா சரியாயிடும்

கவிதா: தடிப்பு மட்டும்தானா சித்தி? உதடு, நாக்கு வீங்கியிருக்கா? குரல்?

சுமதி சித்தி: மேலுதடு வீங்கிருக்கு. குரல் கம்முது. இப்ப வாந்தி வேற

கவிதா: ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. உடனே. இது அனாபிலாக்சிஸ், உடம்பு முழுக்கத் தாக்குற, உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. செட்ரிசின் அரிப்பைத்தான் அடக்கும், தொண்டை அடைக்கிறதையும் பிரஷர் இறங்குறதையும் தடுக்காது. அட்ரினலின் ஊசி போட்டாகணும்

கவிதா: அதுவரைக்கும் படுக்க வச்சு காலை உயர்த்தி வைங்க. மூச்சு முட்டினா சாஞ்சு உட்காரட்டும். எழுந்து நடக்க மட்டும் விடாதீங்க. மாத்திரை அட்டையையும் எடுத்துக்கோங்க

முரளி மாமா: நான் கிளம்பிட்டேன்

இரவு 11:10

அருண்: அக்கா, தொடையில 0.5 மி.கி. அட்ரினலின் போட்டாங்க. கொஞ்ச நேரத்துல குரல் திரும்பிருச்சு 🙏 ராத்திரி இங்கயே இருக்கணுமாம். நல்லாத்தானே இருக்காரு?

கவிதா: சில பேருக்கு அடங்கின மாதிரி அடங்கி, சில மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரும்டா. இருக்கட்டும். அட்டையில பெரிய எழுத்துல இருக்கிற கம்பெனிப் பேரை விடு, கீழ பொடி எழுத்துல மருந்துப் பேரு என்ன போட்டிருக்கு?

அருண்: அமாக்ஸிசிலின், பொட்டாசியம் கிளாவுலனேட்

லலிதா அத்தை: ஐயோ, தம்பிக்குச் சின்ன வயசுலயே பென்சிலின் ஊசி ஆகாதே!

சுமதி சித்தி: அதை அவரு டாக்டர்கிட்ட சொல்லலையே அண்ணி. ஊசிதானே ஆகாதுன்னு நினைச்சிருக்காரு

கவிதா: அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான் சித்தி. ஊசியோ மாத்திரையோ, ஒண்ணுதான்

முரளி மாமா: எனக்கும் பென்சிலின் அலர்ஜின்னு அம்மா சொல்வாங்களே

கவிதா: என்ன ஆச்சு மாமா அப்ப?

முரளி மாமா: வயித்தால போச்சு

கவிதா: 😄 அது பக்க விளைவு மாமா, அலர்ஜி இல்ல. பென்சிலின் அலர்ஜின்னு சொல்லிக்கிறவங்கள்ல 10 பேரை சோதிச்சுப் பாத்தா 9 பேருக்கு ஒண்ணும் இருக்காது. அதுக்காக நீங்களே வீட்ல போட்டுப் பாக்காதீங்க, அலர்ஜி டாக்டர்கிட்ட போங்க

லலிதா அத்தை: பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு சல்ஃபா மாத்திரை போட்டுப் பத்து நாள் கழிச்சு வாயெல்லாம் புண்ணு, தோல் உரிஞ்சு வந்துச்சே, அதுவும் இதானா?

கவிதா: அது வேற அத்தை, ஸ்டீவன்ஸ் ஜான்சனா இருக்கும், மருந்து ஒத்துக்காம தோலும் வாயும் புண்ணாகி உரியுற நோய். மெதுவா வரும், ஆனா அதுவும் உயிருக்கே ஆபத்து. அந்தப் பொண்ணு இனிமே அந்த மருந்தைத் தொடவே கூடாது, சோதிச்சுப் பாக்கவும் கூடாது

அருண்: அக்கா, கேஸ் ஷீட்ல மாத்திரையோட கம்பெனிப் பேரை மட்டும்தான் எழுதியிருக்காங்க

கவிதா: அமாக்ஸிசிலின்னு எழுதச் சொல்லு. எவ்வளவு நேரத்துல வந்துச்சு, என்னென்ன ஆச்சுன்னும் இருக்கணும்

அருண்: சரிக்கா, நர்ஸ்கிட்ட போறேன்